தட்டில் செத்த கிருமி

எதிர் வீட்டு மாமாவுக்கு நாற்பத்தேழு வயதில் வாயில் பதினைந்து பல்தான் பாக்கி. மற்றதெல்லாம் தானாக விழுந்தவை அல்ல, பிடுங்கியவை. இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. அதனால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவர் எங்களுக்கு ரத்த சொந்தமில்லை. தங்கவயலின் ஊரிகத்தில், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் எங்களுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் இருக்க மரத்தூண் நிறுத்துகிற வேலை. என் அப்பா அதே சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். இரண்டு பேரும் ஒரே ஷிஃப்டில் போய் ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். மாமாவின் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு வீட்டிலும் கஞ்சி கொதிக்கும்.

அந்த நாளில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பல் வலி என்றால் போவதற்கு ஓர் இடம் இருந்தது. வாரம் ஒரு நாள் திறக்கும் இலவசப் பல் கிளினிக். பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். வாயைத் திற, எது வலிக்குது, ஊசி, கொறடு, அடுத்த ஆள். வேறு பேச்சே கிடையாது. பல்லுக்குள் அழுகிப்போன நரம்பை எடுத்துவிட்டு, வேரின் உள்ளே இருக்கும் குழாயைக் கழுவிச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் பல் இன்னும் பல வருடம் உழைக்கும் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரிடமும் யாரும் சொன்னதில்லை. ஆபீஸர் வீட்டு ஆட்கள் பெங்களூர் போய் ரூட் கெனால் செய்துகொண்டு வந்தார்கள். நம் ஆட்களுக்குக் கொறடு. ஆட்டுக்கறி வாங்கினால் மாமா தன் பங்கை அத்தையின் தட்டில் தள்ளிவிட்டு, "எனக்கு இன்னிக்கி வேணாம்மே" என்பார். மெல்ல முடியாது என்று சொல்ல மாட்டார்.

அவர் வாயைப் பார்த்துத்தான் நான் பல் டாக்டருக்குப் படித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். அது பொய். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, இது கிடைத்தது. விடிவதற்குள் ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்பி, அப்படியே வருடங்கள் ஓடின.

கடைசி வருடத்தில் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். எங்கள் பேராசிரியருக்கு அப்போது மூலிகை மீது ஆசை வந்திருந்தது. ரூட் கெனால் செய்யும்போது வேர்க்குழாயைக் கழுவ ஒரு ப்ளீச்சிங் திரவம் பயன்படுத்துவோம். கிருமியைக் கொல்லும், ஆனால் தவறிப்போய் வேரைத் தாண்டி வெளியே போனால் சதை வெந்துவிடும். அதற்குப் பதிலாக ஏதாவது ஒரு செடியின் சாறு அந்த வேலையைச் செய்யுமா என்று பார்க்கலாம் என்றார். எனக்கும் பிடித்தது. நல்ல கேள்வி அது. இன்றைக்கும் நல்ல கேள்விதான்.

வேப்பம்பட்டை, கொய்யா இலை, கருவேலம்பட்டை என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். கொய்யா மரம் எங்கள் வீட்டுப் பின்னால் இருந்தது. பட்டைகளைப் பக்கத்தில் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. எதற்கு என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

பட்டையை வெயிலில் காயவைத்து, அம்மாவின் மிக்ஸியில் பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, காலேஜுக்குக் கொண்டுபோனேன். மிக்ஸி ஜார் அதற்குப் பிறகு சட்னிக்கு உதவவில்லை, அம்மா ஒரு மாதம் முணுமுணுத்தாள். லேபில் கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்தோம். வேர்க்குழாய்க்குள் புகுந்தால் லேசில் செத்துப்போகாத ஒரு கிருமி. சாற்றில் நனைத்த சின்னக் காகித வில்லைகளை அதன் மீது வைத்தோம். மறுநாள் போய்ப் பார்த்தால் கருவேலம்பட்டை வில்லையைச் சுற்றி நிலா மாதிரி ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒரு கிருமி இல்லை. மற்ற இரண்டையும் சுற்றி மெல்லிய வளையம் மட்டும்.

நான் துள்ளினேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. ஸ்பிரிட்டே கிருமியைக் கொல்லுமே, வெறும் ஸ்பிரிட்டில் நனைத்த வில்லையையும் வைத்துப் பார்க்க வேண்டாமா?

"சார், வெறும் ஸ்பிரிட் வைக்கவில்லையே?"

"காகிதத்தில் ஸ்பிரிட் நிற்காது, ஆவியாகிவிடும். இன்னொரு முறை செய்ய நேரமில்லை. எழுதிக் கொடு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

காலேஜ் விழாவுக்கு வந்த பத்திரிகைக்காரரிடம் பேராசிரியர் பேசினார். அடுத்த வாரம் ஒரு பத்திரிகையில் உள்பக்கத்தில் வந்தது: ரூட் கெனால் சிகிச்சைக்கு மூலிகை மாற்று, தங்கவயல் மாணவி கண்டுபிடிப்பு. நான் மாற்று என்று சொல்லவில்லை, கண்டுபிடிப்பு என்றும் சொல்லவில்லை. ஆனால் அப்பா பத்து பிரதி வாங்கினார். நான் தடுக்கவில்லை. லைன் முழுக்கக் காட்டினார். நான் வாசலில் நின்று சிரித்தேன்.

படிப்பு முடிந்து, ஹவுஸ் சர்ஜன் வேலையும் முடிந்து, ஆண்டர்சன்பேட்டையில் அதே கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பழைய நாற்காலி ஒன்றைப் போட்டு கிளினிக் திறந்தேன். திறந்த சில நாட்களில் நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள் வைத்துக்கொண்டு வந்தார்.

"டாக்டரம்மா, பேப்பர்ல பாத்தேன். என் கடைப் பட்டைதானே அது?"

"ஆமாண்ணா."

"கிருமி செத்துடுச்சாமே?"

"தட்டுல செத்துச்சு. பல்லுக்குள்ள சாகுமான்னு தெரியாதுண்ணா. அதை யாரும் இன்னும் பாக்கலை."

"செத்துச்சு இல்ல, அது போதும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆப்பிளை நறுக்கி வந்த நோயாளிகளுக்குக் கொடுத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவர் என்னிடம் அனுமதி கேட்கத்தான் வந்திருக்கிறார். கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அத்தை கிளினிக்குக்கு ஓடிவந்தாள். செருப்பில்லாமல் ஊரிகத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறாள்.

"பாப்பா, மாமாவுக்கு மூஞ்சி இன்னாவோ மாதிரி கீது. வா, ஒடனே வா."

போய்ப் பார்த்தேன். மாமா கட்டிலில் முன்பக்கமாகக் குனிந்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கிக் கழுத்தே இல்லாமல் போயிருந்தது. தொட்டால் பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எச்சில் முழுங்க முடியாமல் மடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொன்னார். வாயில் சுடுசோறு வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது, ஒரு வார்த்தையும் புரியவில்லை.

எனக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. புத்தகத்தில் படித்திருக்கிறேன். பல் வேரில் இருந்த சீழ் கீழே இறங்கித் தொண்டையைச் சுற்றிக்கொள்ளும். வீக்கம் இன்னும் கொஞ்சம் கூடினால் மூச்சுக்குழாய் அடைபடும்.

"எத்தனை நாளா வலி அத்தை?"

"ஒரு மாசம் இருக்கும்."

"என்கிட்ட ஏன் வரல? எதிர் வீட்ல இருக்கேன்!"

அத்தை தலையணைக்குக் கீழே இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினாள். பழுப்புத் திரவம். லேபிளில் ஒரு மரத்தின் படம். பல் வேர் சஞ்சீவி. கீழே எழுதியிருந்தது: பிடுங்க வேண்டாம், அறுக்க வேண்டாம். நமதூர் பெண் பல் டாக்டர் ஆராய்ச்சியில் கிருமி செத்தது நிரூபணம்.

"உன் மருந்துதானே பாப்பா? நீ கண்டுபுடிச்சதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்கோ. பஞ்சுல நனைச்சு ஓட்டையில வெச்சா வலி கம்மியா இருந்துச்சு. உன்னை ஏன் தொந்தரவு பண்ணணும்னு..."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அப்பா டாக்ஸி பிடிக்க ஓடினார். அம்பாசிடரின் பின்சீட்டில் மாமாவை நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அத்தையும் பிடித்துக்கொண்டோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் அவர் மூச்சு விடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வழியில் ரயில்வே கேட்டில் மரம் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்றது. நான் இறங்கி அந்த டிரைவரிடம் கத்திய கத்தலில் அவன் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விட ஒரு குழாய் வைத்தார்கள். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். அந்தக் கடைவாய்ப் பல்லையும், பக்கத்தில் இருந்த இன்னொன்றையும் பிடுங்கினார்கள். இரண்டு நாள் பிழைப்பாரா என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து அத்தையைத் தேடினார்.

அன்று மாலையே நான் பஸ் ஏறி ஆண்டர்சன்பேட்டை வந்தேன். குளிக்கவில்லை, புடவையில் மாமாவின் எச்சில் காய்ந்திருந்தது. கடைக்காரர் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். பாட்டிலை அவர் மேஜை மீது வைத்தேன்.

"இது இன்னா?"

"நம்ம மருந்து டாக்டரம்மா" என்றார். நம்ம என்றார்!

"இதை நம்பி ஒரு மனுஷன் கழுத்துல ஓட்டையோட படுத்துக்கினு இருக்காரு."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. உடனே சரி செய்துகொண்டார். "எத்தினி பேருக்கு வலி நின்னுருக்கு தெரியுமா? அவருக்கு சர்க்கரை கிர்க்கரை இருந்திருக்கும். நான் இன்னா பொய்யா எழுதினேன்? கிருமி செத்துச்சா இல்லையா, நீயே சொல்லு."

"தட்டுலன்னு சொன்னேன். அதை ஏன் எழுதல?"

"தட்டுன்னா ஜனங்களுக்கு இன்னா புரியும்?"

என் கையில் கிடைத்ததைத் தூக்கி அடித்திருப்பேன். கையில் எதுவும் இல்லை. "லேபிளை எடு. இன்னிக்கே எடு" என்று கத்தினேன். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவர் மெதுவான குரலிலேயே, "உன் பேரு அதுல இல்லையே கண்ணு. எடுக்கறதுக்கு நீ யாரு?" என்றார்.

பத்திரிகைக்கு எழுதினேன். தட்டில் நடந்ததைப் பல்லுக்கு எடுத்துச் செல்லக் கூடாது, இதனால் ஓர் ஆள் செத்துப் பிழைத்தார் என்று இரண்டு பக்கம். கண்டுபிடிப்பைப் போட்டவர்கள் இதைப் போடவில்லை. அதிகாரி ஒருவருக்கு எழுதினேன். நாட்டு மருந்து தன் பிரிவில் வராது என்று பதில் வந்தது. எந்தப் பிரிவில் வரும் என்று கேட்டு எழுதினேன், அதற்குப் பதிலே வரவில்லை.

பிறகு காலேஜுக்குப் போனேன். பேராசிரியர் நம் ஆராய்ச்சியை ஒரு கருத்தரங்கில் படித்துவிட்டு வந்த சந்தோஷத்தில் இருந்தார். மாமாவின் கதையைச் சொன்னேன். ஐயோ பாவம் என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் பத்திரிகைக்கு நீங்கள் ஒரு திருத்தம் எழுதுங்கள் சார் என்றதும் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"யாரோ ஒரு கடைக்காரன் செய்ததற்கு நாம் எதற்குத் திருத்தம் எழுத வேண்டும்? நாம் செய்தது விஞ்ஞானம்."

"அப்படியானால் லேபை ஒரு நாள் தாருங்கள் சார்."

கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கிருமியை வளர்த்தேன். கருவேலம்பட்டைச் சாறு ஒரு வில்லை, வெறும் ஸ்பிரிட் ஒரு வில்லை, ஸ்பிரிட் முழுக்க ஆவியாகும்வரை உலரவைத்த சாறு ஒரு வில்லை. அன்று செய்த மாதிரியே முதல் இரண்டையும் ஈரமாகவே வைத்தேன். மறுநாள் போய்த் தட்டைத் தூக்கிப் பார்த்தபோது என் காது சூடேறியது. வெறும் ஸ்பிரிட்டைச் சுற்றியும் வட்டம் இருந்தது. உலரவைத்த பட்டைச் சாற்றைச் சுற்றி ஒரு சின்ன வளையம். பட்டைக்குச் சக்தி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் துள்ளிக் குதித்த நிலாவில் பெரும்பகுதி ஸ்பிரிட்டுடையது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு காகித வில்லை வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பேராசிரியரிடம் தட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இதை யாரிடமும் காட்டாதே" என்றார். மேற்படிப்புக்கு வா, என் கீழேயே எடுத்துக்கொள்கிறேன், சேர்ந்து சரியாகச் செய்யலாம் என்றார். அந்த இடத்துக்காக எத்தனையோ பேர் காத்துக்கிடந்தார்கள். நான் தட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பும் ரயிலில் எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது.

எழுதி எழுதி ஒன்றும் ஆகவில்லை என்றதும் வேறு வழி யோசித்தேன். கிளினிக்கில் நான் பிடுங்கிய பற்கள் சில இருந்தன. ஆம், நானும் பிடுங்கினேன், காப்பாற்ற முடியாததை. சொத்தைப் பற்களாகப் பார்த்து ஆறு எடுத்தேன். கடைக்காரரின் பாட்டில் ஒன்றை வாங்கி அதில் கொஞ்சம் சிவப்பு மை கலந்தேன். லேபிளில் சொன்னபடியே பஞ்சில் நனைத்துச் சொத்தைக்குள் வைத்து, தினமும் பஞ்சை மாற்றி, பத்து நாள் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச் விட்டு ஜனங்கள் கடைத்தெருவுக்கு வரும் நேரம், கிளினிக் வாசலில் ஸ்டூல் போட்டு அந்தப் பற்களை வரிசையாக வைத்தேன். நாட்டு மருந்துக் கடை நாலு கடை தள்ளி. முதலில் கூச்சமாக இருந்தது. கழைக்கூத்தாடி மாதிரி நிற்கிறோமே என்று. ஒரு பெண்மணி நின்றாள், பிறகு அவள் புருஷன், பிறகு பத்திருபது பேர்.

பல்லின் மீது ஏற்கனவே கீறி வைத்திருந்தேன். உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டாகப் பிளந்தது.

"பாருங்க. மருந்து எதுவரைக்கும் போயிருக்கு?"

மேலே சொத்தையில் மட்டும் சிவப்பு. அதற்குக் கீழே, வேரின் நடுவில் ஓடும் குழாய் நெடுக அழுகல், கறுப்பாக, அப்படியே. மையின் ஒரு சொட்டும் அங்கே இல்லை. இரண்டாவது பல்லைப் பிளந்தேன், மூன்றாவதை. எல்லாம் அதேதான்.

"வலி நின்னுடுச்சுன்னு நெனைக்கறீங்க. நரம்பு செத்துப்போச்சுன்னா வலி தானா நிக்கும். சீழ் உள்ள இருந்துக்கினே இருக்கும். எதிர் வீட்டு மாமாவுக்கு அதுதான் ஆச்சு."

கடைக்காரர் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன்" என்றார். "உன் ஆஸ்பத்திரில நொழஞ்சா கிராம்பு வாசனை வருது. கிராம்பு செடிதானே? நீ வெச்சா வைத்தியம், நான் வெச்சா மோசடியா?"

சிலர் சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமான கேள்வி என்றே பட்டது, அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"ஆமா, கிராம்பு எண்ணெய்தான். நான் அழுகினதை எல்லாம் வழிச்சு எடுத்துட்டு, கழுவிட்டு, அப்பால வெக்கறேன். நீ அழுகல் மேல மூடி போட்டு வெக்கறே. செடி மேல எனக்குக் கோபம் இல்ல. உன் லேபிள் மேலதான்."

அப்போது முன்வரிசையில் நின்ற ஓர் அம்மாள், சுரங்கத்தின் கூலி ஆள் ஒருவரின் மனைவி, என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அதெல்லாம் சரிம்மா. உன்கிட்ட வந்தா நாலு தடவ வரணும்னு சொல்றே. நீ தொறக்கற நேரத்துல எங்க ஊட்டுக்காரரு சுரங்கத்துக்குள்ள லெவல்ல இருப்பாரு. நாலு ஷிஃப்ட் கூலி போனா யாரு கேக்கறது? இலவசக் கிளினிக்குக்குப் போனா புடுங்கிடறாங்கோ. பாட்டில்தான் எங்களுக்கு ஊட்டுக்கு வருது."

அன்று இருந்த கோபத்திலேயே அவள் மீதும் ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு அது என் மீதே திரும்பியது. பெங்களூர் டாக்டர் மாதிரி பத்து மணிக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடிக்கொண்டு, ஜனங்கள் ஏன் வரவில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குத் தகுந்த மாதிரி கிளினிக்கைத் திறந்தேன். காலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் தலையில் மண்ணோடு வந்து உட்கார்ந்தார்கள். முடிந்தவரை இரண்டு தடவையில் முடித்து அனுப்பினேன். சிலர் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை. கொறடுக்கே போனவர்கள்தான் அதிகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கடைக்காரர் லேபிளை மாற்றினார். பெண் பல் டாக்டர் போய்விட்டாள். பல் வேர் சஞ்சீவி என்பது ஈறு சஞ்சீவி ஆனது. பாட்டில் அதே பாட்டில், மரத்தின் படமும் அதே படம். ஈறு வீக்கத்துக்கு ஒருவேளை அது நல்லதாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அவர் கும்பிடுவார். நான் ஒரு நாளும் திருப்பிக் கும்பிடவில்லை.

பேராசிரியரின் கட்டுரை ஒரு மருத்துவ ஆராய்ச்சிப் பத்திரிகையில் அச்சாகி வந்தது. என் பெயர் இரண்டாவது. ஸ்பிரிட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, நான் செய்த இரண்டாவது பரிசோதனையையும் விவரமாக எழுதி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அச்சான பிறகு பெயரை எடுக்க வழியில்லை என்று ஒரு வரிப் பதில். பரிசோதனையைப் பற்றி அதிலும் ஒன்றும் இல்லை.

மாமா மூன்று வாரத்திலேயே வீட்டுக்கு வந்திருந்தார். தொண்டைக் குழியில் ஒரு தழும்பு, தாடைக்குக் கீழே ஒரு தழும்பு. குரல் பழையபடி திரும்பவில்லை, கரகரவென்று ஆகிவிட்டது. சுரங்கத்துக்குள் மரம் கட்டுகிறவனுக்குக் குரல் வேண்டும், பாறை இறங்கும்போது கத்தி மற்றவர்களை விலகச் சொல்ல வேண்டும். அதனால் அவரை மேலே ஸ்டோரில் போட்டார்கள். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என்மேல கோவம் இல்லியா மாமா?"

"இருக்குது" என்றார். நான் இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். "பேப்பர்ல வந்தப்போ நீ வாசல்ல நின்னு சிரிச்சே பாரு. அப்பவே இது வெளையாட்டு ஆராய்ச்சி, நம்பாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? உன்னை நம்பினோம் நாங்கோ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்பு கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு மாதம் போல எங்களுக்குள் பேச்சு குறைந்தது.

சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு பலமாக அடிபட்ட நாட்களில் அவருடைய இன்னொரு பக்கத்துக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. இந்த முறை அவராகவே கிளினிக்குக்கு வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "கண்ணாடி குடு. நீ இன்னா பண்றேன்னு நான் பாக்கணும்" என்றார். கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். நரம்பை எடுத்ததும் வாங்கிப் பார்த்தார். ஊசியின் முனையில் ஒட்டிய அழுகலை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ப்ளீச்சிங் திரவத்தால் திரும்பத் திரும்பக் கழுவினேன். இரண்டாவது தடவை வந்தபோது குழாயை அடைப்பதற்கு ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய குச்சி ஒன்றை எடுத்தேன்.

"இது இன்னா?"

"மரத்துப் பால் மாமா. ரப்பர் மாதிரி ஒரு மரம். அதோட பாலைக் காயவெச்சு செய்யறது."

கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார். "மறுபடியும் மரமா?"

"ஆமா. ஆனா இது கிருமியைக் கொல்லாது, கொல்லும்னு யாரும் சொல்லல. இடத்தை அடைக்கும், அவ்ளோதான். ரொம்ப வருஷமா எத்தனையோ பேரோட பல்லுல வெச்சுப் பாத்தது. தட்டுல இல்ல. வேணாம்னா சொல்லுங்க, வேற யோசிக்கறேன்."

அவர் கண்ணாடியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். வெளியே தெருவில் யூனியன்காரர்கள் மைக்கில் எதையோ கத்திக்கொண்டு போனார்கள்.

"வெய்" என்றார். "வெச்சுட்டு, அதும் பேரை ஒரு காயிதத்துல எழுதிக் குடு. நான் வேற டாக்டருகிட்ட காட்டி விசாரிக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் உண்மையிலேயே பெங்களூர் ரயிலேறிப் போய், முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டரிடம் அந்தக் காகிதத்தை நீட்டி விசாரித்துவிட்டு வந்தார்.